கவரோடு வந்த காசு

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு மக்களே. ரோமானியர் காலத்துல அலெக்சாந்திரியாவில் அடிச்ச காசுகள்னா உயிர். முன்பக்கம் ரோமப் பேரரசர், பின்பக்கம் எகிப்துக் கடவுள், எழுத்து கிரேக்கம். ஒரே காசுல மூணு உலகம்!

இந்தக் காசு எகிப்துக்குள்ள மட்டும்தான் செல்லும். கி.பி. 296 வாக்கில் டயோக்ளீஷியன் நிறுத்துற வரைக்கும் இதே கதைதான். நம்ம கோவைப் பக்கம் புதையலா கிடைச்சதெல்லாம் பெரும்பாலும் தினாரியஸ், ஆரியஸ்தான்.

காசுல ஆட்சி ஆண்டும் போட்டிருக்கும். அதுல ஒரு வேடிக்கை. ஹேட்ரியன் 117 ஆகஸ்ட் 11-ல் பதவிக்கு வந்தார். எகிப்தியப் புத்தாண்டு ஆகஸ்ட் 29. ஆக, 18 நாள்லயே அவருக்கு 'இரண்டாம் ஆண்டு' பிறந்துடுச்சு :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஐசிஸ் பாய்மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்க, எதிரே பாரோஸ் கலங்கரை விளக்கம் இருக்கும் வெண்கல திராக்மா ஒண்ணு விற்பனைக்கு வந்தது. அந்த விளக்கம் நிலநடுக்கங்கள்ல இடிஞ்சு போச்சு. அது எப்படி இருந்ததுன்னு அந்தக் காலத்து ஆளுங்களே காட்டின படங்கள்ல இந்தக் காசும் ஒண்ணு. எட்டு மாசம் டியூஷன் எடுத்து சேர்த்த காசு கையில இருந்தது. விலையும் ஆச்சரியமா கம்மி.

"எங்கிருந்து வந்தது?"ன்னு கேட்டேன். விற்பவர் ஹார்ப்போக்ரடீஸ் மாதிரி ஆயிட்டார். அதாங்க, வாய்கிட்ட விரல் வெச்சிருக்கும் குழந்தைக் கடவுள்.

எகிப்து 1983-லேயே 117-ஆம் எண் சட்டம் போட்டு தொல்பொருள் வியாபாரத்தைத் தடை பண்ணிடுச்சு. 2011 புரட்சிக்குப் பிறகு தொல்லியல் இடங்கள்ல திருட்டுக் குழிகள் பெருகின. தோண்டி எடுத்த காசு நம்ம கைக்கு வரும். ஆனா அது எந்த மண்ணுல, எதுக்குப் பக்கத்துல கிடந்ததுங்கிற சேதி அதோட போயிடும். வரலாறு பிடிக்கும்னு சொல்லிக்கிட்டு அதைக் கெடுக்க நானே காசு கொடுக்கலாமா?

ரெண்டு நாள் தூக்கம் வரலை. மூணாம் நாள் யாரோ வாங்கிட்டாங்க. நிஜமாவே அழுகை வந்தது.

அப்புறம் வேறொருத்தர்கிட்ட தேய்ஞ்சு போன ஒரு செராபிஸ் வாங்கினேன். தலையில மரக்கால் மாதிரி கூடை வெச்சிருப்பாரே, அவர்தான். மூக்கே இல்லை. ஆனா கூடவே ஒரு பழுப்பேறின கவர், அதில் 1960-கள்ல யாரோ மையால எழுதின குறிப்பு. காசைவிட அந்தக் கவரைத்தான் பத்திரமா வெச்சிருக்கேன்.

ஐசிஸை இன்னும் மறக்க முடியலை. ஆனா செராபிஸை யார்கிட்டயும் ஒளிக்காம காட்ட முடியுது. அது போதும்.