டிராம் மணியும் ரிக்ஷா மணியும்

கல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதா? அப்படியானால் மோட்டார் காரைக் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள். 2001-லேயே ஊரின் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். நம் வாய்க்கு என்னவோ இன்னும் கல்கத்தாதான்! அந்த ஊரைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. காதாலும் நாக்காலும் பார்க்க வேண்டும். அதற்கு வேகம் உதவாது. மெல்லப் போகிற வண்டியில் போனால்தான், எந்த மூலையில் எண்ணெய் காய்கிறது என்பது மூக்குக்கு எட்டும்.

காலையில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வீதியோரக் கடைகளில் கசோரி பொரிந்துகொண்டிருக்கும். நம் பூரிக்கு அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளே அரைத்த உளுத்தம்பருப்பும் பெருங்காயமும் இருக்கும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கறி அல்லது 'சோலார் டால்'. பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். நம் வீட்டுக் கடலைப்பருப்புத்தான்! அதில் தேங்காயைச் சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். "பருப்பில் சர்க்கரையா?" என்று முகம் சுளிக்கிற மாமியார்கூட இன்னொரு கரண்டி கேட்பார். அப்புறம் மண்குவளையில் தேநீர். குடித்ததும் குவளையை எறிந்துவிடலாம். தினமும் பாத்திரம் துலக்குகிறவர்களுக்குத்தான் அந்தச் சுகம் புரியும்!

வயிறு நிறைந்ததா? இனி டிராமுக்குப் போவோம். கல்கத்தாவில் 1873-ல் குதிரைகள் டிராமை இழுத்தன; 1902-ல் மின்சாரம் வந்தது. இந்த விஷயத்தில் நம் சென்னைதான் மூத்தது. இங்கே 1895-லேயே மின்சார டிராம் ஓடிற்று. ஆனால் 1953-ல் சென்னையில் டிராம் நின்றுபோயிற்று. பம்பாயில் 1964-ல் நின்றது. கல்கத்தா மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் சென்னை டிராமைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகமே மலர்ந்துவிடும்.

அந்தக் கல்கத்தா டிராமுக்கும் இப்போது கண்டம் வந்திருக்கிறது. எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையே ஒரு துண்டுப் பாதையை மட்டும் நினைவுச் சின்னமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. தெருவில் நெரிசல் அதிகம் என்பது அரசின் கட்சி. புகை கக்காத வண்டியை ஒழிக்கலாமா என்பது டிராம் அபிமானிகளின் கட்சி. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆகையால், எந்த வண்டி ஓடுகிறது என்று எஸ்பிளனேடில் விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். மைதானத்துப் பக்கம் போகிற வண்டியானாலும் சரி, பச்சைப் புல்வெளி ஓரமாகக் கணகணவென்று மணி அடித்துக்கொண்டு அது ஆடி அசைந்து போகும்போது, அவசரம் என்பதே மறந்துவிடும்.

மத்தியானத்துக்குக் கல்லூரித் தெரு. இரு பக்கமும் பழைய புத்தகக் கடைகள். அலைந்து களைத்ததும் 'ஜால்முரி' வாங்குங்கள். நம் ஊர்ப் பொரிதான். வெங்காயம், பச்சைமிளகாய், வேர்க்கடலை எல்லாம் போட்டு, கடுகெண்ணெய் விட்டு, டப்பாவில் கரண்டியால் கடகடவென்று கலக்கி, காகிதப் பொட்டலத்தில் கொட்டி, மேலே ஒரு தேங்காய்ப் பத்தையைச் செருகித் தருவார்கள். கடுகெண்ணெய் முதலில் மூக்கில் ஏறும். பயப்படாதீர்கள், இரண்டாவது வாயில் சமாதானமாகிவிடும்.

இனிமேல்தான் தர்மசங்கடம். தெருமுனையில் இன்னொரு மணி கேட்கிறது. கைரிக்ஷாக்காரர் தம் கையிலுள்ள சிறு மணியைத் தண்டில் தட்டி உங்களை அழைக்கிறார். 1953-ல் வந்த 'தோ பீகா ஜமீன்' என்ற ஹிந்திப் படத்தில், நிலத்தை மீட்கப் பணம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து ரிக்ஷா இழுப்பவராகப் பால்ராஜ் ஸாஹ்னி நடித்தாரே, நினைவிருக்கிறதா? இன்றும் இழுப்பவர்களில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள்தாம். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், கார்கள் நின்றுவிடும். அந்த வண்டி மட்டும் போகும்.

மனிதனை மனிதன் இழுப்பதா? இந்தக் கேள்விக்குத் தமிழகம் 1973-ல் பதில் சொல்லிவிட்டது. கைரிக்ஷாவை ஒழித்ததோடு நிற்காமல், இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷாவும் கொடுத்தது. மேற்கு வங்கச் சட்டசபையும் 2006-ல் ஒழிப்பு மசோதாவை நிறைவேற்றியது. அது கோர்ட்டில் சிக்கிக்கொண்டது. ஏறினால் நம் மனசு உறுத்துகிறது. ஏறாவிட்டால் அவருடைய வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். பழமை என்றால் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா? டிராம் யாருடைய முதுகையும் வளைக்கவில்லை, அது இருக்கட்டும். கைரிக்ஷா போகட்டும், ஆனால் அதை இழுக்கிறவர் கையில் வேறொரு பிழைப்பைக் கொடுத்த பிறகு போகட்டும்.

அதுவரையில் நீங்கள் என்ன செய்வது? வேடிக்கைக்காக ஏறிப் படம் பிடித்துக்கொள்ளாதீர்கள். அவசியத்துக்கு ஏறினால் பேரம் பேசாதீர்கள். நடக்கத் தெம்பு இருந்தால், மூட்டை முடிச்சுக்களை மட்டும் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நடந்து வாருங்கள்.

பொழுது சாய்ந்ததும், ஹௌராவிலிருந்து படகில் ஏறி ஹூக்ளி நதியைக் கடந்து பாபுகாட்டில் இறங்குங்கள். 1943-ல் திறந்த ஹௌரா பாலம் அந்தி வெளிச்சத்தில் கம்பீரமாகத் தெரியும். கரையேறியதும் 'புச்கா'! மொறுமொறுப்பான குட்டிப் பூரியைக் கட்டை விரலால் உடைத்து, மசித்த உருளைக்கிழங்கை அடைத்து, புளித் தண்ணீரில் முக்கி, இலைத் தொன்னையில் ஒவ்வொன்றாக வைப்பார்கள். முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தால் புடவை பாழ்! தண்ணீர் சுத்தமானதுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்த பிறகு, கடைசியாக ஒரு புச்காவை இனாமாகக் கேட்பது அங்கே வழக்கம். கறிகாய்க்காரியிடம் நாம் கறிவேப்பிலை கேட்பதில்லையா, அதே கொசுறுதான். கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் ரிக்ஷாக்காரருக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் கொசுறு உங்களுடையதாக இருக்கட்டும்.