எழுத்தெண்ணிப் படித்தல்

புலமை மிக்காரை எழுத்தெண்ணிப் படித்தவர் என்று போற்றுவது தமிழ் வழக்கு. இன்று கணினியும் எழுத்தெண்ணுகிறது; அதன் கணக்குத்தான் வேறு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்றால், திண்ணைப் பள்ளிச் சிறுவனும் மூன்று என்பான். பைத்தான் நிரலோ ஐந்து என்கிறது. தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஒவ்வொன்றையும் அது தனித்தனியே எண்ணிவிடுகிறது. மைசூரில் வாழும் நமக்கு ஓர் ஆறுதல்: ‘கன்னட’ என்று கன்னட எழுத்திலே தந்தாலும் மூன்றை ஐந்தென்றே சொல்கிறது!

நம் பெயர்த்தி ஹெப்பாளிலுள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தில் பயிற்சி பெற்றவள். பள்ளியில் பயின்றவை கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் அவளுக்கு வாய்மொழி மட்டுமே. நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இதுவே நிலை. பொருள்நோக்கு நிரலாக்கத்தைப் பற்றி அவள் நமக்கு விளக்கினாள். தரவையும் அதன்மேற் செய்யத்தக்க செயல்களையும் ஒன்றாய்ப் பிணைத்துப் ‘பொருள்’ என்பர். எழுத்துகளைக் கோத்த சரமும் பொருள். பெயர்களை அடுக்கிய பட்டியலும் பொருள். நின் நீளம் என்ன, திரும்பி நில், வரிசையாய் நில் என்று அவற்றையே ஏவலாமாம்.

“அப்படியானால் விகடகவியைத் திருப்பு” என்றோம். அவள் தட்டினாள். திரையில் வந்தது விகடகவி அன்று. முதலில் ஓர் அநாதைக் கொக்கி. நடுவே ககரம் கிகரமாகியிருந்தது. இருபுறமும் ஒக்குமா என்ற வினாவுக்கு ‘இல்லை’ என்றது நிரல். “நீங்கள் சொன்ன கதையே பொய்யா தாத்தா?” என்று சிரித்தாள்.

கதை பொய்யன்று. மெய்யும் உயிரும் கூடிப் பிறந்த உயிர்மெய்யைப் பிரித்துவிட்டுத் திருப்பினால் உயிர் வேறோர் உடலில் ஏறிக்கொள்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று 247-ஐயும் அன்று மாலையே அவளுக்குச் சொல்ல நேர்ந்தது. பல ஆண்டுகள் அழைத்தும் அமராத பெண், இப்போது தானே ஏட்டை எடுத்து வந்தாள். மெய்யையும் உயிரையும் தன்னுள் கொண்ட ‘எழுத்து’ என்றொரு வகுப்பை நிரலில் படைத்தாள். சரத்தை அத்தகைய பொருள்களின் பட்டியலாக்கிப் பின் திருப்பினாள். விகடகவி மீண்டான். இதற்கெனவே ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு ஆயத்தமாய் உள்ளது. எனினும் அவள் தானே எழுதிப் பார்த்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

அடுத்து வந்தது உறுப்பினர் பட்டியல். கணினி வரிசைப்படுத்தித் தந்ததில் அன்பழகன் முதலிலும், அமுதா, அறிவழகன், அழகம்மை பின்னரும் நின்றனர். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்தன்றோ? அமுதா, அழகம்மை, அறிவழகன், அன்பழகன் என்பதே முறை. 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறிமுறையைப் பின்பற்றித் தமிழெழுத்துகளைத் தேவநாகரி வரிசைக்கு ஒப்ப அமர்த்தியது. ஆகவே னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும் போய் அமர்ந்தன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 குறிமுறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. உலகமோ ஒருங்குறி வழியே சென்றுவிட்டது. நெடுங்கணக்கின் வரிசையை நிரலுக்குத் தனியே கற்பித்த பிறகே அன்பழகனார் தம் பழைய இடத்தை அடைந்தார். (அவருக்கு முதலிடமே பிடித்திருந்ததாம்!)

இருபுறமும் ஒக்கும் செய்யுளுக்கு மாலைமாற்று என்று பெயருண்டு. ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அவ்வாறே பாடியுள்ளார் என்றோம். நம்ப மறுத்தாள். முதற்பாட்டைத் தானே எழுத்துக்கூட்டித் தட்டெழுதினாள். அரைமணி நேரம் ஆயிற்று. நிரல் ‘ஆம்’ என்றது. அடுத்த பாட்டு எந்தப் பக்கம் என்று கேட்டாள்.