அண்டாவின் அடி

நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவனுக்கு ஒரே நாளில் இரண்டு கணக்கு. முதல் கணக்கு லுஹர் தொழுகைக்கு முன்னால்: குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, தேங்காய். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரு படி குருணைக்கு எட்டுப் படி தண்ணீர். படியையும் தலை தட்டித்தான் அளப்பேன். ‘அல்லாஹ் பரக்கத் (பெருக்கம்) செய்வான்’ என்று கண்ணளவில் கொட்டுகிறவரை அடுப்படியில் சேர்ப்பதில்லை. பரக்கத்தின் பேரைச் சொல்லி நடக்கும் சோம்பேறித்தனம் நிறையப் பார்த்தாயிற்று.

இரண்டாவது கணக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு தானாக வரும். தூக்குவாளி வரிசை பள்ளிவாசல் கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பும். அதில் நோன்பாளிகள் மட்டும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்த பக்கத்துத் தெரு அம்மாவும் நிற்பார், ஆட்டோக்காரரும் நிற்பார். யாரையும் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை. கண் வரிசையையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்க்கும். அகப்பை நம்மை அறியாமலே முக்கால் அளவில் நின்றுவிடும். ஐந்து வேளைத் தொழுகையில் தெரியாத ஈமான் அந்தக் கால் அகப்பையில் தெரிந்துவிடும்.

அப்போதெல்லாம் நினைவுக்கு வருவது ஹிஜ்ரி 5, அகழ்ப் போர். நபி (ஸல்) அவர்கள் பசியில் வயிற்றில் கல்லைக் கட்டியிருப்பதைப் பார்த்த தோழர் ஜாபிர் (ரலி), வீட்டிலிருந்த ஒரு ஸாவு வாற்கோதுமையையும் ஓர் ஆட்டுக்குட்டியையும் நம்பி, ஒருசிலரோடு வரும்படி மெல்ல அழைத்தார். நபியவர்களோ அகழ் வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார்கள். ஒரு ஸாவு என்பது இரு கை சேர்த்து நான்கு முறை அள்ளுவது. வந்தவர்கள் ஆயிரம் பேர். ஜாபிரின் மனைவி என்ன பாடுபட்டிருப்பார் என்று ஒரு சமையல்காரனுக்குத் தெரியும். பயான்களில் ஆயிரம் பேர் உண்டதைத்தான் சொல்வார்கள். என் காது நபியவர்கள் சொன்ன வேறிடத்தில் நிற்கும்: பானையை அடுப்பை விட்டு இறக்க வேண்டாம், ரொட்டி சுட இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொள். அற்புதத்துக்கும் அடுப்படியில் ஓர் ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டது.

உணவை அளந்துகொள்ளுங்கள், பரக்கத் கிடைக்கும் என்று புகாரி தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. அதே புகாரியில், பரணிலிருந்த கொஞ்சம் வாற்கோதுமையை நெடுநாள் உண்டுவந்த நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி), அதை அளந்து பார்த்ததும் தீர்ந்துபோனது என்கிறார்கள். வாங்குவதையும் விற்பதையும் அளக்க வேண்டும், எடுத்துச் செலவழிப்பதில் மிச்சம் எவ்வளவு என்று துருவ வேண்டாம் என இரண்டையும் இணக்கிச் சொல்வார்கள் உலமாக்கள். எனக்கு இது ஏட்டு விளக்கமில்லை, வேலை முறை. உலையில் போடும்வரை அளப்பேன். அகப்பையை எடுத்தபின் அடியை எட்டிப் பார்க்க மாட்டேன்.

இதற்கு ஏற்பாடும் வேண்டும். கஞ்சி நிற்க நிற்க இறுகும். குருணையும் கறியும் அடியில் தங்கும். கிளறாமல் மேலாக அள்ளினால் முதலில் வந்தவருக்குத் தண்ணி, கடைசியில் வருகிறவருக்குக் களி. அதனால் ஒவ்வொரு அகப்பைக்கும் துடுப்பு அடிவரை போய்வர வேண்டும். பக்க அடுப்பில் உப்புப் போட்ட வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கஞ்சி பிரிந்து நிற்கும். தேங்காய்ப்பால் கடைசியில்தான், அதற்குப்பின் தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. கூட நிற்கும் பையன், “மாமா, அடி தெரியுது” என்பான். “தெரியட்டும்டா, வெந்நியைக் கொண்டா, உப்பைப் பாரு” என்பேன்.

பெரும்பாலும் கஞ்சி எல்லாருக்கும் எட்டிவிடும். சில நாள் தீர்ந்துதான் போகும். அதை மறைக்க என்ன இருக்கிறது? அப்படி ஒரு சாயங்காலம், வாங்கிக்கொண்டு போன ஒரு ராத்தா திரும்பி வந்து, வெறும் கிண்ணத்தோடு நின்ற பிள்ளைக்குத் தன் தூக்கிலிருந்து பாதியைச் சாய்த்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்று ஹதீஸ் இருக்கிறதே. அந்தக் கஞ்சியையும் நான் அண்டாக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.