குழந்தைக்கு ஒரு கட்டில்

மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு பழைய வீடு. வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைப்பிரசவம். வீட்டில் ஆளுக்கொரு வேலை. அம்மாவுக்குப் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடிக்கும் வேலை. அப்பாவுக்கு, நடுராத்திரி கூப்பிட்டாலும் வரக்கூடிய ஒரு ஆட்டோக்காரரைச் சொல்லிவைக்கும் வேலை. சென்னையில் இருக்கும் மருமகனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்து எல்லாவற்றையும் விசாரிக்கும் வேலை. எண்பது வயது அப்பத்தாவுக்கு மட்டும் ஒரே ஒரு வேலைதான். பரணில் கிடக்கும் கட்டிலைக் கீழே இறக்கச் சொல்லிக்கொண்டே இருப்பது.

அது தாத்தா 1964-ல் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்த குழந்தைக் கட்டில். நல்ல தேக்கு. நாலு பக்கமும் கடைசல் குச்சிகள். நாலு மூலையிலும் குமிழ் வைத்த கால்கள். இன்றைக்கும் ஆட்டிப் பார்த்தால் அசையாது. "நாலு பிள்ளைய இதுலதான் வளர்த்தேன். இவ பிள்ளையும் இதுலதான் படுக்கணும்" என்பது அப்பத்தாவின் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மருமகனும் சேர்ந்து இறக்கினார்கள். அரை நாள் தூசி தட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது!

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், அம்மாவின் தையல் டேப்பில். மருமகன் எங்கோ படித்திருக்கிறார், குழந்தைக் கட்டிலில் முதலில் பார்க்கவேண்டியது குச்சிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று. அளந்தார். 12 சென்டிமீட்டர். இன்னொரு இடத்தில் அளந்தார். அங்கேயும் 12. காபி குடித்த டம்ளரை எடுத்து நுழைத்துப் பார்த்தார். எங்கும் இடிக்காமல் அந்தப் பக்கம் போய்விட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இதில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். குழந்தையின் உடம்பில் அகலமானதும் அழுந்தாததும் தலைதான். கால் நுழையும், இடுப்பு நுழையும், நெஞ்சும் நுழைந்துவிடும். தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்புறம் மொத்த உடம்பும் கழுத்தில் தொங்கும். அமெரிக்காவில் இதற்காகவே 1970-களிலேயே விதி போட்டுவிட்டார்கள். இடைவெளி 2 3/8 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஐரோப்பிய விதி 4.5-லிருந்து 6.5 சென்டிமீட்டர் வரை என்கிறது. மிகக் குறுகலாக இருந்தாலும் கை கால் மாட்டிக்கொள்ளும் என்பதால் அடியிலும் ஒரு வரம்பு.

(குளிர்பான டப்பாவை நுழைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. டப்பா நுழைந்தால் அந்தக் கட்டில் கூடாது. அது அமெரிக்காவின் குண்டு டப்பாவை வைத்துச் சொன்னது. அதன் குறுக்களவு சுமார் 6.6 சென்டிமீட்டர். நம் ஊரில் விற்கும் ஒல்லி டப்பாக்களை வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும். டேப்பே மேல்.)

சரி, இதை அப்பத்தாவிடம் யார் சொல்வது? மாப்பிள்ளை சொன்னால் மரியாதையாக இருக்காது. பேத்திதான் சொன்னாள். கிழவிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாலு பிள்ளைக்கும் என்ன ஆச்சு? எல்லாம் கல்லு மாதிரி நிக்கிதுக. டேப்பு வச்சுப் பிள்ளை வளக்குறாகளாம்!"

இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். எல்லா வீட்டிலும் எல்லாப் பெரியவர்களும் சொல்வதுதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. நன்றாக வளர்ந்த பிள்ளைகள்தான் எதிரே நிற்கிறார்கள், கண்ணுக்குத் தெரிகிறார்கள். எங்கோ ஒரு வீட்டில் வளராமல் போன பிள்ளை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. லாபம் வந்த கடைகளை மட்டும் எண்ணிவிட்டு 'வியாபாரத்தில் நஷ்டமே கிடையாது' என்று சொல்வதைப் போலத்தான்.

பேத்தி வாக்குவாதம் செய்யவில்லை. கட்டில் கூடத்திலேயே நின்றது.

அடுத்த வாரம் தூரத்துச் சொந்தம் ஒருவர் போன் செய்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய குடும்பம். 2008-ல் அங்கே வாங்கிய கட்டில் வீட்டில் சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசெல்லாம் வேண்டாம் என்றார். வெளிநாட்டுச் சாமான், அதுவும் இலவசம். அம்மாவுக்குப் பரம சந்தோஷம். மருமகன் போய்ப் பார்த்தார். குச்சி இடைவெளி சரியாக இருந்தது. ஆனால் ஒரு பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கி ஏறும் வகை. குனியாமல் குழந்தையைத் தூக்கலாம், அம்மாக்களின் இடுப்புக்கு சௌகரியம். ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு இருந்த மாடல்தான்.

இந்த மாடல் இப்போது அமெரிக்காவில் விற்கவே கூடாது. 2010 டிசம்பரில் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் முடிவெடுத்து, 2011 ஜூன் 28 முதல் தயாரிக்கவும் விற்கவும் தடை வந்தது. இறங்கும் சட்டத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி தேயும், உடையும். சட்டம் ஒரு பக்கமாகத் தொங்கும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். குழந்தை உருண்டு அதில் சிக்கும். 2000-லிருந்து 2010 வரை குறைந்தது 32 குழந்தைகள் இப்படி இறந்ததாக அந்த ஆணையமே சொன்னது. அந்த வீட்டுக் கட்டிலில் இன்னொரு குறையும் இருந்தது. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பாதி திருகாணிகளைக் காணோம். "ரெண்டு ஆணி அடிச்சாப் போச்சு" என்றார் சொந்தக்காரர்.

நன்றி சொல்லிவிட்டு வெறும் கையோடு வந்தார் மருமகன். இலவசமாக வரும் பொருளுக்கும் விலை உண்டு. என்ன, அது பில்லில் வராது.

அன்று ராத்திரி கூடத்தில் பேத்திக்குத் தூக்கம் வரவில்லை. அப்பத்தாவுக்கும் வரவில்லை. விடிவிளக்கு வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. கிழவி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் குச்சியில வரிசையா ஆணி ஓட்டை இருக்கே, அது என்னன்னு ஏன்டி கேக்கல?"

பேத்தி அதைக் கவனித்திருக்கவே இல்லை.

"உங்கப்பன்தான். எட்டு மாசம் அப்ப. நான் அடுப்படியில இருந்தேன். சத்தமே இல்ல. ஏதோ எடுக்க இந்தப் பக்கம் வந்தா, காலும் உடம்பும் வெளிய தொங்குது, தலை மட்டும் உள்ள. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. எப்படி எடுத்தேன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மறுநாளே உங்க தாத்தா குறுக்க ரீப்பர் அடிச்சாரு. கேட்டவுகளுக்கெல்லாம் பலத்துக்குன்னு சொன்னாரு. நாங்க ரெண்டு பேரும் யாருக்கிட்டயும் சொல்லல. சொன்னா என்னையத்தான வைவாக, பிள்ளையப் பாக்கத் துப்பில்லன்னு. கடைசிப் பிள்ளை வளந்தப்புறம் அவரே பிடுங்கிப் போட்டாரு."

அறுபது வருஷமாக அந்த ஓட்டைகளுக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளா என்பதும் சந்தேகம்தான். பிள்ளைக்கு ஒன்று என்றால் முதல் கேள்வி அம்மாவுக்குத்தானே வரும். கட்டிலை யாரும் கேட்பதில்லை.

காலையில் அப்பத்தாவே ஆசாரிக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து பார்த்தார். இரண்டு குச்சிக்கு நடுவே இன்னொரு குச்சி இறக்கலாம், இரண்டரை சென்டிமீட்டர் கனம், இரண்டு பக்கமும் 4.75 கிடைக்கும் என்றார். கணக்கு சரிதான். ஆனால் பக்கச் சட்டம் உயரம் போதாது. மெத்தை போட்ட பிறகு 40 சென்டிமீட்டர்கூட நிற்காது. பிடித்து நிற்கும் குழந்தை தலைகுப்புற விழுந்துவிடும். மெத்தை பலகையை கீழ்மட்டத்தில் வைக்கும்போது குறைந்தது 50 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். மூலைக் குமிழ்கள் வேறு. குழந்தையின் சட்டையோ கயிறோ மாட்டிக்கொள்ள அது ஒன்றே போதும். அதற்கு மேல், எத்தனையோ தீபாவளிக்கு அடித்த பழைய பெயின்ட். பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது கட்டில் சட்டத்தைத்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

"வேணாம், விட்ரு" என்றாள் அப்பத்தா. ஆசாரிக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் கடைக்கே போனார்கள். ஒரு பெரிய கடையில் விற்பனைப் பையன் முதலில் காட்டியதே பஞ்சு மாதிரி அமுங்கும் மெத்தையும், சுற்றிலும் கட்டும் தடித் திண்டும், குட்டித் தலையணைகளும், பொம்மைகளும் அடங்கிய செட். "குழந்தை மேகத்துல படுத்த மாதிரி இருக்கும் மேடம்!" படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் பெரியவர்களுக்கு எது சுகமோ அது குழந்தைக்கு ஆபத்து. அமுங்கும் மெத்தையில் முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ள அதற்குக் கழுத்தில் பலம் கிடையாது. இலவம்பஞ்சு மெத்தைக்கும் இதே கதைதான். சுற்றுத் திண்டு, இடிபடாமல் இருக்க என்று சொல்லி விற்கப்படுவது. மூச்சை அடைக்கும் என்பதால் அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டே அதைத் தடை செய்துவிட்டது.

அவர்கள் எடுத்தது இரண்டாவது கடையில், மூலையில் கிடந்த ஒரு சாதாரணக் கட்டில். 140-க்கு 70 சென்டிமீட்டர். பின்னால் பக்கச் சட்டத்தைக் கழற்றிவிட்டால் நாலு வயது வரைக்கும் சின்னக் கட்டிலாகப் பயன்படும். அலங்காரம் எதுவும் இல்லை. டேப்பில் இடைவெளி 5.5. நாலு பக்கமும் அசையாத சட்டம். மூலையில் குமிழ் கிடையாது. சக்கரத்துக்குப் பூட்டு உண்டு. மெத்தை கெட்டி, கையால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பத்தா விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் நுழையவில்லை. "சரி, எடுங்க" என்றாள். பில் கேட்டு வாங்கினார்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரையும் விற்றவரையும் கேட்க வழி உண்டு. ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறவைக்கும் அதிகாரமும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. கேட்பதற்குக் கையில் பில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பெண் குழந்தை பிறந்தது. மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தலையணை வேண்டாம், போர்வையைக் குவிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். மறுபடியும் ஒரு சண்டை.

"மல்லாக்கப் போட்டா, பாலைக் கக்குனா பொறை ஏறிராதா?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் கீழே இருக்கும். கக்கிய பால் கீழே உள்ள வழியில்தான் இறங்கும். குப்புறப் போட்டால்தான் தலைகீழ். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் போடுங்கள்' என்று பிரசாரமே நடந்தது. தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது அமெரிக்காவில் பத்து வருஷத்தில் பாதிக்கும் மேல் குறைந்தது.

தூளி? அதையும் கட்டினார்கள். மதுரையில் தூளி இல்லாத பிள்ளை வீடா! ஆனால் ஒரு ஒப்பந்தத்தோடு. பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். தூங்கிவிட்டால் கட்டிலுக்கு மாற்றவேண்டும். தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சு முட்டும். அந்தக் காலத்தில் தூளிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அத்தையோ சித்தியோ உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பாள். சென்னை அடுக்குமாடியில் ராத்திரி இரண்டு மணிக்கு இருக்கப்போவது அசந்து தூங்கும் இரண்டே பேர். கண்கள் குறைந்துபோன வீட்டில் அந்த வேலையைக் கட்டில்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் அது அவர்கள் அறையிலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. கொசுவலை கட்டிலுக்கு வெளியே விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது, உள்ளே தொங்காமல்.

தாத்தாவின் கட்டில் பரணுக்குத் திரும்பவில்லை. மடித்த வேட்டித் துணிகளும் பவுடர் டப்பாவும் அதில்தான் இருக்கின்றன. அப்பா ஒருநாள் அந்த ஆணி ஓட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் அவரிடம் சொன்னார்களோ தெரியாது. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். கையை ஊன்றித் தலையைத் தூக்குகிறாள். தினமும் அப்பத்தா போன் செய்கிறாள். நேற்றைய பேச்சு ஒரே ஒரு விஷயம்தான்.

"மாப்ளே, பிள்ளை உக்காரப் போகுது. மெத்தைப் பலகையை ஒரு படி இறக்கிட்டீகளா? மேல தொங்குற கிலுகிலுப்பையக் கழட்டியாச்சா?"

"இந்த ஞாயித்துக்கிழமை பண்ணிடறேன் அப்பத்தா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே பண்ணுங்க."