மண்ணுக்குள் ஒரு கிராமம்

யுத்தகாலத்துச் சுரங்கம் என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது என்ன? துப்பாக்கி ஏந்திய போர்வீரர்களும், மறைத்து வைத்த கண்ணிகளும், பதுங்கித் தாக்கும் தந்திரங்களுமே பெரும்பாலும் தோன்றும். வியட்நாம் தேசத்துக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர் அநேகர் பார்த்துத் திரும்புகிற கூ சி சுரங்கங்கள் அத்தகையவையே. ஆனால் அதே தேசத்தின் நடுப்பகுதியில், கடலோரத்தில், வின் மோக் என்றொரு சிறு கிராமம் உண்டு. அங்கே பூமிக்கடியில் தோண்டப்பட்டவை குடும்பங்கள் குடியிருந்த வீடுகள். ஓர் ஊர் முழுவதும் தன் அடுப்பையும் பாயையும் தொட்டிலையும் எடுத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிய இடம் அது. அந்த இடத்துக்கு ஒரு நாள் பயணமாக உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பயணம் ஹுவே நகரத்திலிருந்து தொடங்குகிறது. 1802 முதல் 1945 வரை அரசர்களின் தலைநகராய் இருந்த பழம்பெரும் நகரம் அது. அங்கிருந்து வின் மோக் வடக்கே 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. பெரிய பேருந்துகளிலும் போகலாம். எனினும் பத்துப் பேருக்கு மேற்படாத சிறு குழுவாக, ஒரு வழிகாட்டியோடு வேனில் போவதே நல்லது. காலையில் புறப்பட்டால் மாலை இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். சிறு குழுவில் கேள்வி கேட்கலாம். முதியவர்களுக்காகச் சற்றே நிற்கலாம். சுரங்கத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடவேண்டிய அவசியமும் இராது.

முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி ஓடுகிறது. இருபுறமும் நெல்வயல்கள், வயல்களின் நடுவே கல்லறைகள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாலையோ என்று எண்ணும்படி பசுமையாயிருக்கிற இந்தச் சாலையின் ஒரு பகுதிக்கு ‘பயங்கர நெடுஞ்சாலை’ என்றொரு பெயர் உண்டு. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், வட வியட்நாம் படை குவாங் த்ரி பட்டணத்தை நெருங்கியபோது, அங்கிருந்த ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு தெற்கே ஹுவேயை நோக்கி ஓடினார்கள். பின்வாங்கிய தென் வியட்நாம் வீரர்களும் அவர்களோடு கலந்து வந்தார்கள். அந்தக் கூட்டத்தின்மேல் வட வியட்நாமின் பீரங்கிகள் சுட்டன. ஏறக்குறைய 2,000 பேர் சாலையிலேயே மாண்டார்கள் என்று கணக்கிடப்பட்டது. எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை. ஆனால் வாசகரே, வின் மோக்கை நீங்கள் சரியாய்ப் புரிந்துகொள்ளவேண்டுமானால் இந்தச் சாலையையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு பக்கத்துக் குடும்பங்கள் பூமிக்குள் ஒளிந்தன. மறுபக்கத்துக் குடும்பங்கள் ஒளிய இடமின்றித் திறந்த சாலையில் விழுந்தன. இரண்டும் ஒரே யுத்தம்.

குவாங் த்ரி பட்டணத்தின் அருகே, சாலையோரத்தில், லோங் ஹுங் என்னும் கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. அது இன்று ஒரு கூடு மாத்திரமே. 1972இல் அந்தப் பட்டணத்துக் கோட்டையைக் கைப்பற்ற 81 நாட்கள் நடந்த சண்டையில் இந்த ஆலயமும் சிக்கிக்கொண்டது. சுவரெங்கும் குண்டு துளைத்த ஓட்டைகள். அவற்றைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆராதனைக்கென்று கட்டப்பட்ட இடமானாலும் பீரங்கி அதை மற்றச் சுவர்களைப்போலவே நடத்தியது என்பதை அங்கே நின்று பார்க்கிற எவரும் அறிவர். நான் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு வண்டிக்குத் திரும்பினேன்.

அடுத்து பென் ஹாய் ஆறு. நம் ஊர்க் காவேரியைப்போல அகன்ற ஆறு அல்ல. ஆனால் ஒரு தேசத்தை இரண்டாய்ப் பிரித்த ஆறு. 1954ஆம் ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஏறக்குறைய 17ஆம் பாகை அட்சரேகையை ஒட்டி வியட்நாம் தற்காலிகமாய்ப் பிரிக்கப்பட்டது. ஆற்றின் இருகரையிலும் படைகள் நிற்கக்கூடாத ஒரு பகுதி வகுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்தல் நடத்தி தேசத்தை ஒன்றாக்குவது என்பது ஏற்பாடு. அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. உடன்படிக்கை நிறைவேறுகிறதா என்று கண்காணிக்க ஒரு சர்வதேசக் குழு நியமிக்கப்பட்டது. கனடாவும் போலந்தும் உறுப்பினராயிருந்த அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தது நம் இந்திய தேசம். நம் தேசத்தின் அதிகாரிகளுக்கும் இந்தப் பிரிவினையின் வரலாற்றில் ஒரு பங்கு இருந்தது என்பதை நம் பாடப்புத்தகங்கள் அதிகமாய்ச் சொல்வதில்லை.

ஆற்றின்மேல் 178 மீட்டர் நீளமுள்ள ஹியென் லுவோங் பாலம். பாதி நீலம், பாதி மஞ்சள். பிரிவினைக் காலத்தில் இரு அரசுகளும் பாலத்தின் நிறத்துக்காகவும், கொடிக்கம்பத்தின் உயரத்துக்காகவும், ஒலிபெருக்கிகளின் சத்தத்துக்காகவும்கூடப் போட்டியிட்டன. பழைய பாலம் 1967இல் குண்டுவீச்சில் தகர்ந்தது. இப்பொழுது நிற்பது அதே சாயலில் மீண்டும் கட்டப்பட்டது. இதன்மேல் நீங்கள் நடந்தே கடக்கலாம். தென்கரையில் ஒரு தாயும் பிள்ளையும் வடக்கே பார்த்து நிற்கிற சிலை உண்டு. 1954இல் வடக்கே போன புருஷனுக்காகவும் தகப்பனுக்காகவும் காத்திருந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்டது. இரண்டு ஆண்டில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் இருபது ஆண்டாகியும் வரவில்லை. பிழைப்புக்காகக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மும்பைக்கும் சூரத்துக்கும் வந்திருக்கிற வாசகர்கள் அந்தச் சிலைக்கு முன்பாக அதிக நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாலத்தைக் கடந்து கிழக்கே கடலை நோக்கித் திரும்பினால் மண் சிவக்கிறது. இது எரிமலைக் கற்கள் இற்றுப்போனதால் உண்டான செம்மண். வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடிகள் மரங்களைப் பற்றி ஏறுகின்றன. ஒரு கணம் நாம் குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் இருப்பதாகத் தோன்றும். இந்தச் செம்மண்தான் வின் மோக்கின் ஜனங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. தோண்டும்போது வெட்டுக்கு இணங்கி, பின்பு காய்ந்து இறுகிப்போகும் மண் அது.

1965ஆம் ஆண்டு அமெரிக்க விமானங்கள் வட வியட்நாமின்மேல் தொடர்ச்சியாய்க் குண்டுவீசத் தொடங்கின. எல்லைக்கு வடக்கே முதலாவது இருந்த வின் லின் பகுதியே அதிகமாய் அடிபட்டது. வின் மோக் கிராமத்துக்கு எதிரே கடலில் கோன் கோ என்னும் தீவு இருக்கிறது. அங்கிருந்த படைக்கு ஆகாரமும் ஆயுதமும் இந்தக் கரையிலிருந்தே படகுகளில் போயின. ஆகையால் ஆகாயத்திலிருந்து விமானங்களும், கடலிலிருந்து போர்க்கப்பல்களும் இந்தக் கரையைக் குறிவைத்தன. வீடுகள் எரிந்தன. ஜனங்களுக்கு முன்பாக இரண்டு வழிகளே இருந்தன: ஊரைவிட்டுப் போவது, அல்லது மண்ணுக்குள் இறங்குவது.

வின் லின் ஜனங்கள் இரண்டையும் செய்தார்கள் என்பதே மனதைப் பிசைகிற செய்தி. 1966 முதல், ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வடக்கே பத்திரமான மாகாணங்களுக்கு அனுப்பி, அங்கேயுள்ள குடும்பங்களிடம் வளரவிட்டார்கள். பெற்றோர் அநேகர் பின்தங்கி நின்றார்கள். நிற்கிறவர்களுக்காகச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. வின் லின் பகுதியில் மட்டும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உண்டாயின. அவற்றுள் முழுமையாய் நிலைத்திருப்பது வின் மோக்.

இயந்திரம் ஏதும் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, எண்ணெய் விளக்கு, இவ்வளவே கருவிகள். பழைய கருவிகளை அங்கேயுள்ள காட்சிக்கூடத்தில் நீங்கள் பார்க்கலாம். தேய்ந்து பாதியாய்ப்போன மண்வெட்டித் தகடுகளைப் பாருங்கள். தோண்டுவதைவிடக் கடினமான வேலை, தோண்டிய மண்ணை மறைப்பது. புது மண் குவியலை விமானத்திலிருந்து பார்த்துவிட்டால் சுரங்கத்தின் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும். ஆகையால் மண்ணைக் கூடைகூடையாய்ச் சுமந்து குண்டு விழுந்த பள்ளங்களிலும் கடலிலும் கொட்டினார்கள்.

இப்படித் தோண்டப்பட்ட சுரங்கம் சுமார் 2 கிலோமீட்டர் நீளமுடையது. மூன்று அடுக்குகள், மிக ஆழமானது பூமிக்கு 20 மீட்டருக்கும் கீழே. வாசல்கள் 13. அவற்றில் 7 கடலை நோக்கியவை; அவற்றின் வழியே கடற்காற்று உள்ளே வந்தது. மழைநீர் தேங்காமல் வடியும்படி பாதைகள் சரிவாய் அமைக்கப்பட்டன. வாசலருகே மண் சரியாதபடி மரச்சட்டங்கள் கொடுக்கப்பட்டன. புகை ஒரே இடத்தில் எழும்பாமல், நீண்ட மண்குழாய்களின் வழியே பரவி மெல்லக் கசியும்படி அடுப்புகளைக் கட்டினார்கள். கிணறும், மருத்துவ அறையும், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கூடத்தக்க ஒரு கூடமும் உண்டு.

உள்ளே இறங்குவோம். கூ சி சுரங்கங்களில் பார்வையாளருக்காக அகலப்படுத்தப்பட்ட இடங்களிலும் மிகக் குனிந்தோ தவழ்ந்தோதான் போகவேண்டும். இங்கேயோ சற்றுத் தலைகுனிந்தால் நடக்கலாம்; ஆனால் தோள்கள் சுவரை உரசும். மண் ஈரமாய், வழுக்குகிறதாய் இருக்கும். இருபுறமும் சிறு குடைவுகள் தெரியும். ஒவ்வொரு குடைவும் ஒரு குடும்பத்தின் வீடு. மூன்று நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம். எழுந்து நிற்க முடியாது. தாராவியிலோ பெங்களூரின் ஒண்டுக்குடித்தனத்திலோ பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்தி, இடம் போதவில்லையே என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பெருமூச்சை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறைக்கு ஒரு சன்னல் இருந்தால் அது எவ்வளவு பெரிய ஆஸ்தி என்பதை இங்கே கண்டுகொள்வீர்கள்.

பாதையின் ஓரிடத்தில் மற்றக் குடைவுகளைவிடச் சற்றுப் பெரிதாய் ஓர் அறை இருக்கிறது. அது பிரசவ அறை. சுரங்க வாழ்க்கை நடந்த ஆண்டுகளில் 17 பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், மேலே பூமி அதிர்ந்துகொண்டிருக்க, தாய்மார் இங்கே வேதனைப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவர்கள் என் வயதினர். நான் தமிழ்நாட்டு வெயிலில் திண்ணையில் தவழ்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், அவர்கள் சூரியனைப் பார்ப்பதற்கு இருட்டும் வரை சத்தம் அடங்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று; அப்பொழுதும் கிடைத்தது நிலவொளிதான். எங்கள் குழுவில் வேடிக்கையாய்ப் பேசிக்கொண்டு வந்த வாலிபர் இருவர் அந்த அறைக்கு முன்பாகத் தாமாகவே மௌனமானார்கள்.

சுரங்கத்துக்குள் இருந்தவர்களில் ஒருவரும் குண்டுவீச்சில் சாகவில்லை என்று சொல்லப்படுகிறது. நேரே துளைத்து வந்த ஒரே ஒரு குண்டும் வெடிக்கவில்லையாம். அது உண்டாக்கிய துவாரத்தைக் காற்றோட்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் வெளியே போனவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வயலுக்குப் போனவர்களும், இரவில் தீவுக்குப் படகோட்டியவர்களும் திரும்பாமற்போன நாட்கள் உண்டு. 1972 வரை இந்த வாழ்க்கை நீடித்தது. 1973 ஜனவரியில் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. 2014இல் வியட்நாம் அரசு இந்த இடத்தைத் தேசத்தின் சிறப்பு நினைவிடமாய் அறிவித்தது.

கடலோர வாசல் ஒன்றின் வழியாய் வெளியே வருகிறீர்கள். கண் கூசும் வெளிச்சம், அலைகளின் ஓசை, மூங்கில் புதர்கள். இவ்வளவு அழகான இடத்திலும் பாதையை விட்டு விலகி நடக்காதிருங்கள். வெடிக்காத குண்டுகள் குவாங் த்ரி மண்ணில் இன்னும் புதைந்து கிடக்கின்றன. 1975இல் யுத்தம் முடிந்தபின்பு இந்த மாகாணத்தில் மாத்திரம் 8,000க்கும் மேற்பட்டோர் அவற்றால் மாண்டோ காயப்பட்டோ போனார்கள். வயல் உழுதவர்களும், பழைய இரும்பு பொறுக்கியவர்களும், மாடு மேய்த்த சிறுவர்களும் அவர்களில் உண்டு. குண்டுகளைக் கண்டெடுத்து அழிக்கிற குழுக்கள் பல ஆண்டுகளாய் அங்கே உழைத்துவருகின்றன. சிறுபிள்ளைகளுக்கு அந்த ஆபத்தைக் கற்பிப்பதும் அவர்களுடைய வேலை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வழுக்காத காலணி அணியுங்கள். ஒரு சிறு டார்ச் விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல், முழங்கால் வலி, மூடிய இடத்தைக் குறித்த பயம் ஆகியவை உடையவர்கள் உள்ளே இறங்கவேண்டாம். காட்சிக்கூடமும் தோட்டமும் கடற்கரையும் அவர்களுக்குப் போதுமான நிறைவைத் தரும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் மிகுதி; அந்த மாதங்களைத் தவிர்ப்பது நலம்.

பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இதை ஒரு வீரவிளையாட்டுத் தலமாக அவர்களுக்குக் காட்டாதிருங்கள். எந்தப் பக்கம் வென்றது என்பதையும் முதலாவது சொல்லவேண்டாம். அந்தக் கூடைகளைக் காட்டி, ‘இந்த மண்ணையெல்லாம் சுமந்தது யார்?’ என்று கேளுங்கள். மீனவர்கள், உழவர்கள், பாட்டிமார், பள்ளிக்கூடம் இழந்த சிறுமிகள் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு, திரும்பும் வழியில், பயங்கர நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, மூட்டையோடு ஓடிய மறுபக்கத்துப் பிள்ளைகளைக் குறித்தும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.