எரேமியாவும் எங்க ஊர் ஷிஃப்ட் பஸ்ஸும்

கிறிஸ்தவ வீடுகளுக்குப் போயிருக்கிறீர்களா? டி.வி-க்கு மேலேயோ, ஃபிரிட்ஜ் கதவிலேயோ, பீரோ கண்ணாடி இடுக்கிலேயோ சின்னதாக ஒரு அட்டை செருகியிருக்கும். ஓரத்தில் ரோஜாப்பூ, மலை, சூரிய உதயம்னு ஏதாவது ஒரு படம். நடுவில் ஒரு பைபிள் வசனம். அதுதான் வாக்குத்தத்த அட்டை! டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் சர்வீஸில், பன்னிரண்டு மணி அடித்து எல்லாரும் 'ஹேப்பி நியூ இயர்' சொல்லி முடித்ததும், கேக்குக்குக்கூட நிற்காத கூட்டம் இந்த அட்டைக்கு கியூவில் நிற்கும். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்கணும். அந்த வருஷம் பூரா அதுதான் உங்கள் வசனம்.

நான் ஓசூர் பக்கம் ஒரு காலேஜில் இ.சி.இ. மூன்றாம் வருஷம். என் மொபைல் கவருக்குள் இருக்கிற அட்டையைப் பார்த்துவிட்டு கிளாஸ் பசங்க, "இதுக்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்? அங்க கிளி எடுக்குது, இங்க நீயே எடுக்கிற!" என்று ஓட்டுவார்கள். நியாயமான கேள்விதான். ரொம்ப நாள் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போ பதில் இருக்கு. கொஞ்சம் நீளம்... பொறுத்துக்கோங்க பாஸ்!

முதலில் எங்க ஊர். ஓசூரில் யாரையாவது நிறுத்தி "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் "ஓசூர்" என்று பதில் வருவது அபூர்வம். 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் வந்தன. அவர்களுக்கு நட்டும் போல்ட்டும் செய்து கொடுக்க நூற்றுக்கணக்கில் சின்ன யூனிட்டுகள் வந்தன. பின்னாலேயே தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள். எங்க அப்பா நாசரேத்திலிருந்து ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு வந்து இறங்கியவர். எங்க தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் உருது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகா. காலையில் ஐந்தரை மணிக்கு ஷிஃப்ட் பஸ் ஹாரனில்தான் ஊரே எழுந்திருக்கும். ஊர் பெரிசாகிப் பெரிசாகி 2019-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது.

அதே 2019-ல்தான் வண்டி விற்பனை படுத்தது. அந்த செப்டம்பரில் அசோக் லேலண்டே ஓசூரில் வேலையில்லாத நாட்கள் அறிவித்தது. பெரிய கம்பெனி ஐந்து நாள் மூடினால், அதை நம்பியிருக்கிற சின்ன யூனிட்டுக்கு வாரக் கணக்கில் ஆர்டர் வராது. அப்பா வேலை பார்த்த யூனிட்டில் மூன்று ஷிஃப்ட் ஒன்றானது. அந்த டிசம்பர் 31-ல்தான் அம்மா கைக்கு அந்த அட்டை வந்தது. எரேமியா 29:11. உங்களுக்கு நல்ல எதிர்காலத்தைத் தரும் நினைவுகள் என்னிடம் இருக்கின்றன என்று கடவுள் சொல்வதாக வரும் வசனம். வாக்குத்தத்த அட்டைகளில் இதுதான் சூப்பர் ஸ்டார்! அம்மா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "பாத்தியா, அடுத்த வருஷம் அப்பாவுக்கு எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

அடுத்த வருஷம் 2020.

மார்ச்சில் ஊரடங்கு. அத்திப்பள்ளியில் தடுப்பு. ஷிஃப்ட் பஸ் ஹாரன் இல்லாத ஓசூரை நான் அப்போதுதான் கேட்டேன். அப்பா வீட்டில். ஏப்ரல் 12 ஈஸ்டரன்று கோயில் பூட்டியிருந்தது. மே மாதம் நாசரேத்தில் ஆச்சி இறந்துபோனாள். அம்மாவைப் பெற்ற ஆச்சி. மாவட்டம் தாண்ட பாஸ் வேண்டும். அது கைக்கு வந்தபோது அங்கே அடக்க ஆராதனை முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாமா வீடியோ காலில் காட்டினார். படம் நின்று நின்று வந்தது. அம்மா அன்றைக்கு ஃபிரிட்ஜிலிருந்து அந்த அட்டையைப் பிய்த்து, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். தூக்கியும் போடவில்லை, திருப்பி ஒட்டவும் இல்லை.

துக்கத்துக்கு நேரில் வர முடியாதவர்கள் எல்லாம் போனில் வந்தார்கள். "கர்த்தருக்குச் சித்தம்... வயசானவங்கதானே" என்றார்கள். "அழக்கூடாது, விசுவாசமா இருக்கணும்" என்றார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு போனுக்கும் அப்புறம் அம்மா இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அதை எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை.

ஐயரம்மா போன் மட்டும் வேறு மாதிரி. (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா.) ஊரடங்கு ஆரம்பித்த வாரத்திலிருந்தே சபையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் அவர் முறை வைத்துப் போன் செய்துகொண்டிருந்தார். முதல் கேள்வி எப்பவும் "சாப்பிட்டாச்சா?"தான். ஆச்சி போன அன்றைக்கும் அதுதான் கேட்டார். அம்மா இல்லை என்றாள். "சரி, ஆச்சியைப் பத்திச் சொல்லு" என்றார். அம்மா அழுதாள், சொன்னாள், திரும்ப அழுதாள். ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் 'ம்... ம்...' மட்டும்தான். நாற்பது நிமிஷம்! ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டபோது, "சங்கீதம் 88 படிச்சிருக்கியா? வேணும்னா படி" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஸ்தோத்திரத்துக்கு வந்துவிடும். இது வராது. இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. அம்மா அதைத் தினமும் படித்தாள். இப்படி ஒன்று பைபிளில் இருப்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது போல.

சரி, எரேமியாவுக்கு வருவோம். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் போன வசனம் என்னதான் சொல்கிறது என்று அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்தேன். அட்டையில் இருப்பது ஒரு வரி. அந்த வரி இருப்பது ஒரு கடிதத்தில்! எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. கி.மு. 597-ல் நடந்த நாடுகடத்தல். அதில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதில் விளைவதைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்து பிள்ளை பெறுங்கள், உங்களைக் கொண்டுபோய் விட்ட அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள். திரும்பி வர எழுபது வருஷம் ஆகும்! இதையெல்லாம் சொன்ன பிறகுதான் நம்ம சூப்பர் ஸ்டார் வசனம் வருகிறது.

எழுபது வருஷம் பாஸ். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பவே போவதில்லை. அவர்களுக்குத்தான் 'நல்ல எதிர்காலம்'.

இதில் இன்னொரு சுவாரஸ்யம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருத்தர் வருகிறார். அவரும் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டவர்தான். ரெண்டே வருஷம், எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டத்துக்கு முன்னால் அறிவிக்கிறார். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியா முதலில் 'ஆமென், அப்படியே நடக்கட்டும்' என்கிற அர்த்தத்தில்தான் பதில் சொல்கிறார். அவருக்கும் ஆசைதானே? ஆனால் பலித்தது எழுபது வருஷக் கணக்குதான். ஆச்சி இறந்த வாரம் எங்க வீட்டுக்கு வந்த போன்களில் எத்தனை அனனியா என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம், சொந்தக்காரர்கள் இந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள்!

அந்தக் கடிதத்தை ஓசூரில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரிதான் தெரிகிறது. வேலைக்காக வந்த ஊரில் கடன் வாங்கி ரெண்டு ரூம் கட்டி, பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, 'ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போயிரலாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிற அப்பாக்கள் இங்கே தெருவுக்கு இருபது பேர். எங்க அப்பாவுக்கு 2020 ஜூனில் யூனிட்டில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாசம் கழித்து வேறொரு ஷெட்டில், குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அதே இடம்தான், அதே மாதிரி சம்பளம்தான். முருங்கை மட்டும் நன்றாகக் காய்க்கிறது.

அட்டை எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். நேராக இந்த அட்டையின் கதைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஜாடை ரொம்ப ஒத்துப்போகிறது. மொராவியாவில் மதத்துக்காகத் துன்புறுத்தப்பட்ட ஜனங்கள் 1722-ல் எல்லை தாண்டி ஜெர்மனியின் சாக்சனிக்கு ஓடி வந்தார்கள். சின்சென்டார்ஃப் என்கிற பிரபு தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அங்கே உருவான கிராமம் ஹெர்ன்ஹூட். இந்தப் பிரபு சின்னப் பையனாக ஹாலே ஊர்ப் பள்ளியில் படித்தபோது, நம்ம தரங்கம்பாடியிலிருந்து அங்கே போயிருந்த சீகன்பால்க்கை நேரில் பார்த்தவர்! 1728-ல் ஹெர்ன்ஹூட்டில் ஒரு பழக்கம் ஆரம்பித்தது. தினம் ஒரு வசனம். அதை ஒருத்தர் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டும் வர வேண்டும். 1731-லிருந்து அது புத்தகமாக அச்சாகிறது. இன்றைக்கும் 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் வருஷா வருஷம் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஐயரம்மா போன்தான் ஞாபகம் வந்தது. வசனம், வாசல் கதவு, 'எப்படி இருக்கீங்க' எல்லாம் ஒரே பேக்கேஜ். அட்டை மட்டும் தனியாகக் கழன்று வந்தால் கிளி ஜோசியம்தான், கிளாஸ் பசங்க சொல்வது சரி. கதவைத் தட்டுகிற ஆளோடு வந்தால் அது வேற கதை.

(ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் போனால் வசனம் சொல்பவர்களை மட்டும் நம்பி உட்காராதீர்கள். டாக்டரைப் பாருங்கள். 14416 என்று ஓர் இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். ஐயரம்மாவே இதை வாலிபர் கூட்டத்தில் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்.)

இப்போது ஓசூருக்கு வருகிற பஸ்களில் புது முகங்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேர் ஓசூர் ஆலைக்கு ஐபோன் வேலைக்கு எடுக்கப்பட்டு, பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. எல்லாரும் என் வயசு, சிலர் என்னைவிடச் சின்னவர்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் கும்பலாக பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு, கிளிப் வாங்குவதைப் பார்க்கலாம். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. 1845-ல் பெர்லினிலிருந்து கோஸ்னர் அனுப்பிய நாலு மிஷனரிகள் ராஞ்சியில் வந்து இறங்க, 1850-ல் நாலு ஒராவோன்கள் முதன்முதலாக ஞானஸ்நானம் வாங்கியதில் ஆரம்பிக்கிறது அந்தச் சபையின் கதை.

போன வருஷம் டிசம்பரில் எங்கள் கோயிலின் கடைசி பெஞ்சில் அப்படி ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. 'சைலன்ட் நைட்' ட்யூன் ஆரம்பித்ததும் நாங்கள் தமிழில் பாட, அவள் பாட்டுக்கு இந்தியில் பாடினாள். சத்தமாகவே! முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சர்வீஸ் முடிந்து அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இந்தி, "கானா காயா?"

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அவள் வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஊரில் பாட்டி இறந்துபோயிருந்தாள். ராஞ்சிக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் அடக்கம் முடிந்துவிடும். வீடியோ காலில் பார்த்திருக்கிறாள். நான் அரைகுறை இங்கிலீஷில் கேட்டு அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து, சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் ரொம்ப நேரம் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், இந்தியும் இல்லை, வேற ஒரு மொழி. அம்மா 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன புரிந்ததோ!

அந்த எரேமியா அட்டை இன்னும் சர்க்கரை டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. ஓரம் எல்லாம் எறும்பு அரித்தாச்சு. அம்மா அதை அவளுக்குக் கொடுக்கவும் இல்லை.

இப்போது அந்தப் பெண்ணோடு சேர்ந்து வருகிற ஒன்பது பேரின் நம்பர் அம்மாவின் நோட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை அவர்கள் ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிடுகிறாள். 'கானா காயா'-வுக்கு அப்புறம் என்ன கேட்பது என்று என்னைக் கேட்டாள். எனக்கும் இந்தி தெரியாதே! எதிர் வீட்டு உருது பேசுகிற அக்காவிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்லாத் தூங்கினியா? ஊர்ல அம்மா பேசினாங்களா? உடம்பு எப்படி இருக்கு? நாலாவது கேள்வி போன வாரம் அம்மாவே யோசித்து, அந்த அக்காவிடமே நேரில் போய்க் கேட்டு எழுதி வந்தது. உங்க ஊர்ல மழை பெஞ்சுதா?