கரண்ட் வெட்டுக்குள் ஒரு பி.எஸ்.பி.

செத்த பி.எஸ்.பி.யைக் கண்டுபிடிக்கிறது சுகம். சுவிட்சைத் தள்ளினால் பச்சை லைட் எரியும், திரை கறுப்பாகவே கிடக்கும், கொஞ்ச நேரத்தில் லைட்டும் அணைஞ்சிடும். உலகம் முழுக்க இதற்குப் பெயர் 'பிரிக்'. செங்கல். எங்களுக்கு இதெல்லாம் பழக்கிய கடைக்கார நானா இன்னும் சுருக்கமாச் சொல்லுவார்: "கல்லாப் போச்சு தம்பி."

இந்தக் கருவியின் கதையும் எங்கட ஊரின் கதையும் எந்த இடத்திலும் ஒத்துப்போகவில்லை. சொனி பி.எஸ்.பி.யை யப்பானில் வெளியிட்டது 2004 டிசம்பர் 12. சரியாக இரண்டு கிழமை கழித்து இங்கே கடல் ஊருக்குள் வந்தது. 2006 இல் டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயரில் ஒருவர் பி.எஸ்.பி.க்கு மாற்று ஃபேர்ம்வெயார்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டிருந்தார். அந்த வருசம் எங்களுக்கு மாவிலாறு, மூதூர், சம்பூர். 2007 இல் 'பன்டோரா பற்றரி' வந்து உலகத்துப் பொடியளெல்லாம் துள்ளினபோது, கிண்ணியாவுக்குப் பாலம் கூட இல்லை. பாதையில ஏறித்தான் போகவேணும். பாலம் திறந்தது 2009 ஒக்ரோபரில். எங்கட கைகளுக்குப் பி.எஸ்.பி. வந்ததும் ஏறக்குறைய அதற்குப் பிறகுதான். கடையில வாங்கினது இல்லை. கட்டாரில இருந்து மாமா கொண்டுவந்த பெட்டிக்குள்ள, லண்டன் பெரியம்மாவின்ர மகன் பாவிச்சு அலுத்து அனுப்பின பார்சலுக்குள்ள வந்தது. மற்றவர்கள் விளையாடி முடித்த பிறகு எங்களுக்கு வந்த விளையாட்டு அது.

நாங்கள் என்றால் நாலு பேர். இரண்டு பேர் உட்துறைமுக வீதிப் பக்கம், ஒருத்தன் உவர்மலை, ஒருத்தன் கிண்ணியாவில இருந்து பஸ்ஸில வந்துபோறவன். நாலு பேருக்கும் சேர்த்து மூன்று பி.எஸ்.பி. அதில ஒன்று ஏற்கெனவே கல்.

மாற்று ஃபேர்ம்வெயார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நாங்கள் டொக்யார்ட் கேற்றை உதாரணம் காட்டுவோம். உள்ளே போக வேணும் என்றால் முதல் காவலரணில் அடையாள அட்டை. அவர் ஓம் என்றால்தான் அடுத்தவரிடம் போகலாம். பி.எஸ்.பி.யும் அப்படித்தான் துவங்கும். முதல் காவல்காரன் செயலிக்குள்ளேயே தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட சின்ன நிரல். அதை ஒருத்தராலும் மாற்ற ஏலாது. அவன் உள்நினைவகத்தில் இருக்கிற ஐ.பி.எல். என்ற துவக்க நிரலை எடுத்து, சொனியின் முத்திரை சரியா என்று பார்த்து, ஓட விடுவான். ஐ.பி.எல். அடுத்ததை ஏற்றும், அது அதற்கடுத்ததை. கடைசியில்தான் நாங்கள் காணும் அந்த அலையடிக்கிற திரை. இந்தச் சங்கிலியில் எவ்வளவு முன்னுக்கு நுழைகிறோமோ, அந்தளவுக்குக் கருவி எங்கட சொல் கேட்கும்.

பன்டோராவின் கெட்டித்தனம் இங்கேதான். அந்த முதல் காவல்காரன் உள்நினைவகத்தைத் திறக்கும் முன்னர் பற்றரியிடம் ஒரு இலக்கம் கேட்கிறான். பற்றரிக்குள்ளும் ஒரு சின்னச் சிப் இருக்கிறது, அதில் ஒரு தொடரிலக்கம். அந்த இலக்கம் முழுக்க எஃப், எஃப், எஃப் என்று இருந்தால், வந்திருப்பது சொனியின் திருத்துநர் என்று நினைத்து, உள்நினைவகத்தை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கில் இருந்து துவங்குவான். பழுதுபார்க்கும் நிலையங்களுக்காக வைத்த பின்கதவு அது. வெளியில் இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கல்லாப் போன பி.எஸ்.பி. எல்லாம் எழும்பத் தொடங்கியது.

நானா இதைக் கையாலேயே செய்வார். பற்றரியின் பிளாஸ்ரிக் மூடியை பிளேட்டால் மெல்லக் கிளப்பி, சிப்பின் ஐந்தாவது காலைத் தூக்கிவிடுவார். லிதியம் பற்றரி, கத்தி தவறினால் புகைக்கும். "நீங்கள் செய்யப்படாது வாப்பா" என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிப்போட்டு அவர் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு செய்வதைப் பார்க்க வேணும்.

ஒரு பற்றரியால் பூட்டைத் திறக்கலாம் என்றதை எங்கட வீட்டுப் பெரியவர்களுக்குச் சொன்னால் அவர்கள் ஆச்சரியப்படுவதில்லை. தொண்ணூறுகளில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுபோகக்கூடாத சாமான்களின் பட்டியலில் டோர்ச் பற்றரியும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். எங்களில் ஒருத்தனின்ர அப்பா, நானா கழற்றிவைத்த பற்றரியைக் கையில எடுத்துப் பார்த்துவிட்டு, "அந்த நேரம் இதோட பிடிபட்டா கதை வேற" என்று மட்டும் சொன்னார். வேறென்ன சொல்ல.

ஆனால் பன்டோரா எல்லாவற்றுக்கும் சரிவராது. பி.எஸ்.பி. 3000 இலும், 2000 இன் கடைசிப் பலகைகளிலும் சொனி அந்த முதல் காவல்காரனையே மாற்றிவிட்டது. புது ஆள் பற்றரியைப் பார்த்து மெமரி ஸ்டிக்குக்குப் போவான், ஆனால் அங்கே எங்கட ஐ.பி.எல். ஐ ஏற்கமாட்டான். 3000 எது என்று பார்க்க லேசான வழி: முகப்பில் மைக்குக்கு ஒரு சின்ன ஓட்டை, 'ஹோம்' என்ற பட்டனுக்குப் பதிலாகப் பிளேஸ்ரேஷன் சின்னம். எங்களிடம் உயிரோடு இருந்த இரண்டில் நல்லது அந்த 3000 தான். எழுதுகிறபோது பாதியில் நின்றால் பிளேட்டால் காப்பாற்ற ஏலாதது.

அதற்கு அதுவரை தற்காலிக மாற்று ஃபேர்ம்வெயார்தான் போட்டிருந்தோம். 6.60 ப்ரோ. நினைவில் மட்டும் நிற்கும். முழுதாக ஓஃப் பண்ணினாலோ பற்றரி இறங்கிப் போனாலோ கழன்றுவிடும், மறுபடி 'ஃபாஸ்ட் ரிகவரி' ஓட்டவேணும். தூங்கவைத்துத் தூங்கவைத்துப் பாவித்தால் பிரச்சினை தெரியாது. 2022 வந்தபோது தெரிந்தது. ஏ முதல் டபிள்யூ வரை ஊர்களுக்கு எழுத்துப் போட்டு கரண்ட் வெட்டின நாட்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். எங்கட பற்றரியோ, 3600 என்று அச்சடித்து விற்ற போலி. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி. சீனக்குடாவில் இருந்து வீசுகிற உப்புக் காற்றில் தகடுகளும் பச்சை பிடித்திருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு தரம் செத்து இரண்டு தரம் எழும்புகிற கருவியாகிப் போனது.

அப்போதுதான் டேவி என்பவர் செய்த 'இன்ஃபினிட்டி'யைப் போடுவதா என்று கதைத்தோம். அது துவக்கச் சங்கிலிக்குள்ளேயே இடம்பிடித்துக்கொள்ளும். 3000, 'கோ' உட்பட எல்லாப் பி.எஸ்.பி.யிலும் வேலை செய்யும். ஓன் பண்ணும் ஒவ்வொரு முறையும் மாற்று ஃபேர்ம்வெயார் தானாக ஏறும். ஆனால் அதைப் போட உள்நினைவகத்தில் எழுத வேணும். எழுதும் நேரம் மின் போகக்கூடாது. நாட்டில மின்னே இல்லாத மாதத்தில்!

இரண்டு கிழமை வாக்குவாதம். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, டொலர் இல்லை. பி.எஸ்.பி. உற்பத்தி 2014 இலேயே நின்றுவிட்டது. இது போனால் இன்னொன்று இல்லை. அதோடு அந்த 3000 எங்கட சொத்தும் இல்லை. உவர்மலைக்காரனின்ர அண்ணாவுடையது. அவர் அந்த வருசம்தான் வெளிநாடு போனவர். போகும்போது "வைச்சிருங்கோடா, வந்து வாங்கிறன்" என்று சொல்லிப்போட்டுப் போனார். அவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டபோது வந்த பதில், "செய்யுங்கோ. ஆனா வந்து பாக்கேக்க எரியோணும்."

கடைசியில் வழி சொன்னவன் கிண்ணியாக்காரன். எல்லாரும் கரண்ட் இருக்கிற நேரமாப் பார்த்துச் செய்வோம் என்று நிற்க, அவன் மற்றப் பக்கத்தால யோசித்தான். இருக்கிற கரண்ட்தான் போகும். போன கரண்ட் திரும்பப் போகாது. பி.எஸ்.பி.க்குத் தேவை 5 வோல்ட். பவர் பேங்க் தருவதும் 5 வோல்ட். நானாவிடம் அந்த மஞ்சள் முனை உள்ள யூ.எஸ்.பி. வயர் இருந்தது. ஆக, வெட்டு நேரத்திலேயே, பவர் பேங்கில் செருகி, நல்ல பற்றரியை மற்றப் பி.எஸ்.பி.யில் இருந்து கழற்றிப் போட்டு எழுதுவது. கோப்புகளை முதலே இறக்கிவைத்தோம். வெட்டு நீண்டால் போன் கோபுரங்களின் பற்றரியும் இறங்கி சிக்னல் போய்விடும்.

இரவு, மெழுகுதிரி, நுளம்பு, நாலு தலை. திரையில் சதவீதம் ஏறுது. யாரும் வயரைத் தொடாமல் இருக்க ஒருத்தன் அதைக் கையால மூடிக்கொண்டு இருந்தான். நூறு வந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. பற்றரியைக் கழற்றி ஐந்து நிமிடம் மேசையில வைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். மாற்று ஃபேர்ம்வெயார் நின்றது. அம்மம்மா உள்ளிருந்து, "கரண்ட் வந்திட்டோ?" என்று கேட்டா. நாங்கள் போட்ட சத்தம் அப்படி.

கள்ளக் கேம் விளையாடத்தானே இதெல்லாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓம், அதுவும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பிளேஸ்ரேஷன் கணக்குத் திறக்கும்போது காட்டும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதாகப் பொய் சொல்லித்தான் உள்ளே போகலாம். காசு கொடுக்கத் தயாராக இருந்தவனுக்கும் முறையான வாசல் இருக்கவில்லை. 2021 ஜூலையில் பி.எஸ்.பி.க்கான கடையையே மூடியும் விட்டார்கள். புதிதாக வந்த கேமைத் திருடுவதும், விற்பதையே நிறுத்திவிட்ட கருவியை உயிரோடு வைத்திருப்பதும் ஒன்று என்று எங்களால் ஒப்புக்கொள்ள ஏலாது.

பழைய சுப்பர் நின்ரெண்டோ கேம்களை எமுலேற்றரில் ஓட்டினோம். அதைவிட அதிகம் பாவித்தது வாசிக்க. நூலகம் இணையத்தளத்தில் இருந்து 'மல்லிகை' இதழ்களை இறக்கி 'புக்ஆர்' என்ற செயலியில் திறந்தோம். ஸ்கான் பண்ணிய பக்கங்கள் பாரம், 64 எம்.பி. நினைவகம் திணறும், சில இதழ்கள் திறக்கவே மாட்டா. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமாக்கிப் போட்டோம். (படம் பார்க்க மாற்று ஃபேர்ம்வெயாரே தேவையில்லை என்று இப்போது யாரும் எழுதி அனுப்ப வேண்டாம், தெரியும்.) 480க்கு 272 புள்ளித் திரையில் ஒரு பத்தியின் மூன்றில் ஒன்றுதான் தெரியும். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் பி.எஸ்.பி.க்கு வாசிக்கத் தெரியாது, ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேணும். ஆனால் பக்கம் படமாக இருப்பதால் உள்ளே தமிழ் வடிவாகத் தெரிந்தது. டொமினிக் ஜீவாவின் அட்டைப்படங்களை அந்த இருட்டில் அந்த வெளிச்சத்தில் பார்த்தது தனி அனுபவம்.

மூன்றாவது பி.எஸ்.பி., அந்தக் கல், இன்னும் நானாவின் லாச்சிக்குள். அதுவும் 3000. இப்போது 'பேரியன் ஸ்வீப்பர்' என்று ஒரு வழி இருக்கிறது. பற்றரியின் இடத்தில் கொம்பியூட்டரையே வைத்து, பற்றரி பேசுகிற மாதிரிப் பேசவைத்து, பிந்திய பலகைகளையும் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். அதற்கு ஒரு யூ.எஸ்.பி. சீரியல் துண்டு வேணும். கொழும்பில் சொல்லிவைத்திருக்கிறோம். நானா கிழமைக்கொரு தரம் கேட்கிறார், "சாமான் வந்திச்சா வாப்பா?"